இடுக்கி வேண்டாத கை

அத்தியாயம் பதினேழு

போன வாரம் நம் பாத்திரக்காரியைப் புது வீட்டுச் சமையலறை வாசலில், தலையில் கை வைத்தபடி நிற்க வைத்துவிட்டு வந்தோம். பாவம், ஒரு வாரமாக அப்படியே நிற்கிறாள். முதலில் அவளை உள்ளே கூட்டிக்கொண்டு போவோம்.

வீட்டுக்காரர் தங்கமான மனுஷர்தான். சொன்ன தேதிக்குச் சாவி கொடுத்தார். சுவருக்குப் புதுப் பெயின்ட் அடித்தார். சொட்டிக்கொண்டிருந்த குழாயைக் கேட்காமலே மாற்றிக் கொடுத்தார். ஒரே ஒரு விஷயத்தில்தான் பிடித்த பிடியை விடவில்லை. கேஸ் சிலிண்டர் அவர் வீட்டுப் படி ஏறக் கூடாது. மேடையில் அவரே ஒரு கரண்ட் அடுப்பைப் பதித்து வைத்திருந்தார். வட்ட வட்டமாகச் சுற்றிய நாலு சுருள். இரண்டு பெரிசு, இரண்டு சின்னது.

இந்தச் சுருள் அடுப்பு இருக்கிறதே, சரியான அமுக்கு. குமிழைத் திருகினால் ஒன்றும் நடக்காது. சரி, கெட்டுப்போயிருக்கிறது போல என்று நாம் திரும்பியதும் செக்கச்செவேலென்று சிவந்து நிற்கும். அணைத்தால் அடுத்த நிமிஷமே கறுத்துப்போய், எனக்கு ஒன்றும் தெரியாது என்று உட்கார்ந்திருக்கும். உள்ளே சூடு அப்படியே இருக்கும். தீ நாக்கைப் பார்த்துச் சமைத்துப் பழகியவர்களுக்கு இது பெரிய ரோதனை.

இடையில் வந்து சேர்ந்தவர்களுக்காக ஒரு வார்த்தை. பாத்திரக்காரி என்பது அவள் புருஷன் வைத்த செல்லப்பேர். அடுக்குமாடிக் கடை ஒன்றில், பாத்திரப் பிரிவில் விற்பனைப் பெண் அவள். குழந்தை பிறந்ததால் எடுத்த லீவு இன்றோடு முடிகிறது. புருஷன் லிஃப்ட் மெக்கானிக். எந்தக் கட்டடத்தில் எந்த மாடியில் எவர் மாட்டிக்கொண்டாலும் இவனுக்குத்தான் போன் வரும். மூன்றாவது ஆள் அவனுடைய அக்கா. பாத்திரக்காரிக்கு நாத்தனார், வாய் நிறைய அண்ணி. கல்யாணம் வேண்டாம் என்றே இருந்துவிட்டவள், பேக்கரியில் அடுப்படி வேலை பார்த்தவள். குட்டி பிறந்ததும் அந்த வேலையை உதறிவிட்டு வந்து, குழந்தையை மடியில் வாங்கிக்கொண்டவள்.

அந்த அண்ணிக்கும் ஒரு பேர் உண்டு. இடுக்கி. கொதிக்கிற பாத்திரத்தை வெறுங்கையால் தூக்கி இறக்குவாள். துணி கிடையாது, இடுக்கி கிடையாது. பேக்கரியில் ஆரம்பித்த பேர், வீடு வரைக்கும் வந்துவிட்டது. "எங்க அக்கா கை மாதிரி ஒரு கை உண்டா?" என்று லிஃப்ட்காரன் வீட்டுக்கு வருகிறவர்களிடம் எல்லாம் பீற்றிக்கொள்வான்.

ஆக, நாளைக் காலை பாத்திரக்காரி வேலைக்குத் திரும்ப வேண்டும். குட்டியை நாள் முழுக்க அண்ணியிடம் விட்டுவிட்டுப் போக வேண்டும். அதற்குள் இந்த அடுப்புக்குப் பொருந்துகிற பாத்திரம் ஒன்றிரண்டாவது வீட்டில் இருந்தாக வேண்டும்.

காலையிலேயே மூட்டையை அவிழ்த்தாள். கையில் குட்டையாய் ஒரு ஸ்டீல் ஸ்கேல். பாத்திரத்தைக் கவிழ்த்து, அடியில் ஸ்கேலை வைத்து, ஜன்னல் வெளிச்சத்தில் குனிந்து பார்த்தாள். ஸ்கேலுக்கும் பாத்திரத்துக்கும் நடுவே எவ்வளவு வெளிச்சம் தெரிகிறது என்பதுதான் கணக்கு. நடுவில் இழை அளவு உள்வாங்கியிருந்தால் மன்னிப்பு உண்டு, சூடேறினால் சமமாகிவிடும். நடு வெளியே தள்ளியிருந்தால் மன்னிப்பே கிடையாது. சுருளின் மேல் பம்பரமாகச் சுற்றும்.

"இது ஆடுது அண்ணி."

"ஆடினா என்ன? நான் பிடிச்சுக்கிறேன்."

"எவ்வளவு நேரம் பிடிச்சுப்பீங்க?"

"வேகற வரைக்கும்."

லிஃப்ட்காரன் விழுந்து விழுந்து சிரித்தான். குட்டிக்கு ஒன்றும் புரியாவிட்டாலும் அப்பா சிரிக்கிறாரே என்று அதுவும் பொக்கை வாயைக் காட்டியது.

"நீங்க சிரிங்க. இந்தக் குழி வாணலி நடுவுல மட்டும்தான் தொடும். நடு கருகும், ஓரம் பச்சையா நிக்கும். அந்த அண்டா இருக்கே, அது சுருளைவிட ஒரு ஜாண் வெளியே நீட்டுது. ஒரு விரல் அகலம் நீட்டலாம், அவ்வளவுதான். மேல போனா சூடு வெளியே போக வழியில்லாம அடுப்பு மேல் தகடே வெடிச்சுடும். வீட்டுக்காரர் நம்மளையும் வெடிச்சுடுவாரு."

"அப்ப என்னோடது எதுவுமே தேறலையா?" அண்ணியின் குரல் கொஞ்சம் இறங்கியது.

"எதுவுமே..." என்று ஆரம்பித்தவள், அண்ணியின் முகத்தைப் பார்த்துப் பேச்சை மாற்றினாள். "இந்த இரும்புத் தோசைக்கல் தேறும் அண்ணி. கனமா, சமமா, சும்மா ஜம்முனு உக்காருது. இது இருக்கட்டும். மீதிக்கு நான் கடைக்குப் போயிட்டு வந்துடறேன்."

"குட்டி?"

"உங்ககிட்டதான். நாளைக்கு ஒத்திகை பார்த்த மாதிரி இருக்கட்டுமே."

அண்ணி குழந்தையை வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். "ஒத்திகை என்ன ஒத்திகை, நாங்க ரெண்டு பேரும் என்னைக்கோ அரங்கேறியாச்சு" என்றாள்.

கடைக்குள் நுழைந்ததும் பாத்திரக்காரிக்கு உடம்பே நிமிர்ந்துகொண்டது. எத்தனை மாசம் ஆயிற்று! பக்கத்து கவுன்ட்டரில் கண்ணாடிச் சாமான் விற்கிற கண்ணாடிக்காரி ஓடி வந்து கட்டிக்கொண்டாள். அவள் பின்னாலேயே மேனேஜரும் வந்துவிட்டார். மனுஷர் சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

"நாளைக்கு வந்துடுவேல்லம்மா? உன் இடத்துக்கு ஒரு பொண்ணு நின்னுட்டிருக்கா. கையும் ஓடுது, வாயும் ஓடுது. நீ வரலேன்னா அவளையே நிரந்தரமா வெச்சுக்கச் சொல்லி மேலிடத்துல உத்தரவு. சாயங்காலம் போன் பண்றேன், ஒரே வார்த்தை சொல்லிடு."

"வந்துடுவேன் சார். குழந்தையைப் பாத்துக்க எங்க அண்ணி இருக்காங்க. எனக்கென்ன கவலை?"

அப்படிச் சொல்லும்போது அவள் வாயெல்லாம் பல். பார்க்க நமக்கே சந்தோஷமாகத்தான் இருந்தது.

பிறகு பாத்திரம் பார்த்தாள். வாங்க வருகிறவர்களிடம் அவள் கேட்கிற முதல் கேள்வி, "உங்க வீட்டுல என்ன அடுப்பு?" என்பதுதான். அழகைப் பார்த்து மயங்குகிறவர்களை அதட்டி, அடியைத் திருப்பிப் பார்க்க வைப்பாள். இன்றைக்குத் தன்னையே அதட்டிக்கொண்டாள். மெல்லிசானதை விரலால் சுண்டினால் கிண்ணென்றது; ஒதுக்கினாள். கனமானது தொம்மென்றது, எடுத்தாள். அடியில் நடுவே அலுமினியத் தகடு வைத்து மூடிய எவர்சில்வர் பாத்திரம், சூடு சமமாகப் பரவும். வீட்டிலிருந்து சுருளை அளந்து கொண்டுவந்த நூலை அடியில் வைத்துப் பார்த்தாள். சின்னச் சுருளுக்கு அச்சாகப் பொருந்தியது.

"எல்லாம் சரி, கைப்பிடியைப் பாத்தியா?" என்றாள் கண்ணாடிக்காரி. "முழுக்க எவர்சில்வர். கொதிக்கிறப்ப தொட்டா கை பழுத்துடும். அந்தக் கறுப்புப் பிடி போட்டதை எடு."

பாத்திரக்காரி சிரித்தாள். "அது மத்தவங்க வீட்டுக்கு. எங்க வீட்டுல இடுக்கியே உண்டு, அதுக்குக் கைப்பிடி எதுக்கு?"

கண்ணாடிக்காரி தோளைக் குலுக்கிக்கொண்டு போய்விட்டாள். இத்தனை வருஷமாக எத்தனையோ பேருக்குப் பார்த்துப் பார்த்து எடுத்துக் கொடுத்தவள், தன் வீட்டுக்கு வாங்கும்போது பிடியில் கோட்டை விட்டாள். அதுவும் பெருமையாக!

வீடு திரும்பியபோது லிஃப்ட்காரன் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தான். ஏதோ கட்டடத்தில் லிஃப்ட் பாதியில் நின்றுவிட்டதாம், உள்ளே ஒரு கல்யாண ஜோடியாம். "அவங்க சண்டை போட ஆரம்பிக்கறதுக்குள்ள போய்த் திறந்து விடணும்" என்று ஓடினான். வீட்டில் இரண்டு பெண்களும் குட்டியும்தான்.

புதுப் பாத்திரத்தைப் பார்த்ததும் அண்ணியின் வருத்தமெல்லாம் போன இடம் தெரியவில்லை. தடவித் தடவிப் பார்த்தாள். கழுவி, உருளைக்கிழங்கைப் போட்டு, தண்ணீர் ஊற்றி, பாத்திரத்தைக் கொண்டுபோய்ப் பெரிய சுருளில் வைத்தாள்.

பாத்திரக்காரி குட்டிக்கு உடை மாற்றிக்கொண்டிருந்தவள், எட்டிப் பார்த்தாள். "அண்ணி, அது சின்னச் சுருளுக்கு வாங்கினது. பெரிசுல வெச்சா பக்கத்துல எல்லாம் அனல் அடிக்கும்."

"சீக்கிரம் வேகட்டுமேன்னு வெச்சேன். இதுக்கும் சட்டமா?"

"சட்டம் இல்ல, சூடு வீணாப் போகும்."

"போனா போகட்டும், நீ பிள்ளையைப் பாரு."

சரி, முதல் நாளே எதற்கு வாதாட வேண்டும் என்று பாத்திரக்காரி விட்டுவிட்டாள். நாளைக்கு இந்தச் சமையலறை முழுக்க அண்ணி ராஜ்யம்தானே.

தண்ணீர் தளதளவென்று கொதித்தது. பாத்திரத்தைச் சுற்றி வெளியே தெரிந்த சுருளின் கடைசி வட்டம் சிவப்பாக எரிந்தது. அதற்கு நேர் மேலே, இரண்டு பக்கமும், இரண்டு எவர்சில்வர் பிடிகள். குட்டியைத் தோளில் சாய்த்துக்கொண்டு பாத்திரக்காரி சமையலறைக்கு வந்தாள். அண்ணி பேக்கரிக் கதை ஒன்றைச் சொல்லிக்கொண்டிருந்தாள். பிறந்தநாள் கேக்கில் பேரை மாற்றி எழுதிவிட்டார்களாம், வாங்க வந்தவர் அந்தப் பேரே நன்றாயிருக்கிறது என்று பிள்ளைக்கு அதையே வைத்துவிட்டாராம்.

சொல்லிக்கொண்டே குமிழை அணைத்தாள். சொல்லிக்கொண்டே இரண்டு கையாலும் பிடியைப் பிடித்துப் பாத்திரத்தைத் தூக்கினாள். சொல்லிக்கொண்டே கழுவுகிற தொட்டிப் பக்கம் நடந்தாள்.

முதலில் வந்தது வாடை.

உருளைக்கிழங்கு அடிப்பிடித்துவிட்டதா என்றுதான் பாத்திரக்காரி நினைத்தாள். அப்படி இருக்க முடியாதே, பாத்திரம் நிறையத் தண்ணீர். அவள் கண் பாத்திரத்திலிருந்து பிடிக்குப் போனது. பிடியிலிருந்து விரலுக்குப் போனது.

அண்ணியின் வலது கை விரல்களின் ஓரத்தில் தோல் வெள்ளையாக வெந்து, சுருங்கி, பிடியோடு ஒட்டிக்கொண்டிருந்தது.

அண்ணி சிரித்துக்கொண்டிருந்தாள். "அந்தப் பிள்ளையை இன்னும் அந்தப் பேர் சொல்லித்தான் கூப்பிடறாங்களாம்!"

"அண்ணி! வைங்க! கீழே வைங்க!"

"ஏன், என்ன?"

"உங்க கை! ஐயோ, கையைப் பாருங்க!"

அண்ணி குனிந்து பார்த்தாள். யாருடைய கையையோ பார்ப்பது போலத்தான் பார்த்தாள். அவசரப்படவில்லை. பாத்திரத்தைப் பதமாகத் தொட்டிக்குள் இறக்கினாள். பிடியை விட்டபோது, தோல் கொஞ்சம் பிடியோடு போயிற்று. பாத்திரக்காரி குழந்தையைக் கீழே போட்டுவிடுவோமோ என்று பயந்து, இறுக்கிக்கொண்டு சுவரில் சாய்ந்தாள்.

குட்டி வீறிட்டு அழுதது. அம்மாவின் கத்தலில் பயந்துவிட்டது. கை வெந்தவளோ ஒரு முனகல்கூட முனகவில்லை.

குட்டியைத் தொட்டிலில் போட்டுவிட்டு ஓடி வந்து, அண்ணியின் கையைக் குழாய்த் தண்ணீரில் பிடித்தாள். தண்ணீர் ஓடியது. நெடுநேரம் ஓடியது. வலது கையில் இரண்டு விரலும் உள்ளங்கை மேடும் பழுத்திருந்தன. இடது கையில் ஒரே ஒரு கொப்புளம். அண்ணி மரம் மாதிரி நின்றாள்.

"வலிக்கலையா அண்ணி?"

அண்ணி தொட்டில் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

"உங்களைத்தான் கேக்கறேன். எரியுதா, இல்லையா?"

"நீ கத்தாதே. குட்டி பயப்படுது."

"எரியுதா இல்லையா!"

அண்ணி தலையை ஆட்டினாள். இல்லை.

பாத்திரக்காரிக்குத் தலையில் இடி விழுந்த மாதிரி இருந்தது. இத்தனை நாளும் கெட்டியான கை, பழகின கை, இடுக்கிக் கை என்று கைதட்டிச் சிரித்தோமே! கை கெட்டியாக இல்லை. கைக்குத் தெரியவே இல்லை.

"எவ்வளவு நாளா?"

"தெரியலம்மா. ஒரே நாள்ல வந்திருந்தா தெரிஞ்சிருக்கும். கொஞ்சம் கொஞ்சமா போயிருக்கு. எல்லாரும் ஆஹா ஓஹோன்னு சொன்னீங்க. நானும் பழக்கதோஷம்னுதான் நினைச்சேன்."

"அப்புறம்? எப்பதான் தெரிஞ்சது?"

அண்ணி தண்ணீரையே பார்த்தாள். "பேக்கரியை நான் விடல" என்றாள்.

"என்ன சொல்றீங்க?"

"அவங்கதான் வர வேண்டாம்னாங்க. கையுறை போடாம, அடுப்புக்குள்ள இருந்த தட்டை இழுத்துட்டேன். பக்கத்துல நின்னவங்க அலறினப்புறம்தான் கையைப் பார்த்தேன். டாக்டரைப் பார்த்துட்டு வா, அதுவரைக்கும் அடுப்படிப் பக்கம் வராதேன்னுட்டாரு முதலாளி. அதே சமயத்துல குட்டி பொறந்தது. தம்பி வந்து, அக்கா பிள்ளையைப் பாத்துக்க ஆள் இல்லையேன்னான். நான் இருக்கேன்டான்னு சொல்லிட்டேன்."

"டாக்டரைப் பார்த்தீங்களா?"

"இல்ல."

"ஏன் அண்ணி? ஏன்?"

"பார்த்தா அதுக்கு ஒரு பேர் வெச்சுடுவாங்க. அப்புறம் எனக்கு இந்த வீட்டுல என்ன வேலை இருக்கு? நான் படிச்சவளா, சம்பாதிக்கறவளா? இந்த ரெண்டு கையை நம்பித்தானே உங்க வீட்டுல உக்காந்து சாப்பிடறேன்."

அந்த வார்த்தையில் பாத்திரக்காரியின் மனசு ஒரு நிமிஷம் கரைந்தது. ஒரே ஒரு நிமிஷம்தான். அடுத்த நினைப்பு வந்து முட்டியது.

குட்டியைத் தினமும் குளிப்பாட்டுவது யார்? அண்ணி. வெந்நீரை விளாவிக் கை வைத்துப் பார்ப்பது யார்? அண்ணி. பால் பதமாக இருக்கிறதா என்று புறங்கையில் சொட்டு விட்டுப் பார்ப்பது யார்?

"குட்டியோட தண்ணி..." வாய் குழறியது. "குளிக்கிற தண்ணி. எதால பார்த்தீங்க?"

"முழங்கையால" என்றாள் அண்ணி சட்டென்று. அந்தக் கேள்விக்காகவே காத்திருந்தவள் போல. "சத்தியமா முழங்கையாலதான். முழங்கைக்கு மேல நல்லாத் தெரியும். பாலை நாக்குல விட்டுப் பார்த்துடுவேன். உன் பிள்ளைக்கு ஒரு பொட்டு சூடு பட விட்டதில்லம்மா."

பாத்திரக்காரிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. கூடவே கோபமும் வந்தது. சும்மா சொல்லக் கூடாது, நல்ல கோபம். தெரிந்தேதான் மறைத்திருக்கிறாள்! நம்பித்தானே பெற்ற பிள்ளையைக் கையில் கொடுத்தோம்?

"எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லத் தோணலையா?"

"தோணுச்சு. முந்தாநாள் சொல்லிடலாம்னு இருந்தேன்." அண்ணியின் குரல் இப்போதுதான் உடைந்தது. "பழைய வீட்டுச் சாவியைக் கொடுத்துட்டு நீ வந்தே. வந்ததும் குட்டியைத் தொட்டுட்டு, ஐயோ நெருப்பா கொதிக்குதேன்னு பதறினியே. காலையிலேருந்து என் மடியிலதான் இருந்தா. நெத்தியைத் தடவிக்கிட்டேதான் இருந்தேன். காய்ச்சல்னு எனக்குத் தெரியவே இல்லம்மா. தூங்கறாளேன்னு நினைச்சேன். அன்னைக்கு ராத்திரி பூரா நான் தூங்கல."

இரண்டு பேரும் அழுதார்கள். குழாய்த் தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது.

போன் அடித்தது. மேனேஜர். "என்னம்மா, நாளைக்கு வர்றதானே?"

"சார், கொஞ்ச நேரத்துல நானே கூப்பிடறேன்."

"ஒரே வார்த்தைதானேம்மா?"

"அந்த ஒரு வார்த்தைதான் சார் வாயில வரல" என்று வைத்துவிட்டாள்.

காலையில் எவ்வளவு சுலபமாகச் சொன்னாள், எங்க அண்ணி இருக்காங்க என்று! இப்போது போகிறேன் என்றால் குட்டியை யாரிடம் விடுவது? போகவில்லை என்றால் அந்த இடம் போச்சு. அண்ணியை வேண்டாம் என்றால் அண்ணி எங்கே போவாள்? மூன்று பக்கமும் முட்டிக்கொண்டு நின்றது.

"தம்பிகிட்ட மட்டும் சொல்லாதே" என்றாள் அண்ணி. "அவன் தாங்க மாட்டான்."

"சொல்லாம எப்படி? அவர் வந்ததும் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பறோம். இது சும்மா விடற காயம் இல்ல."

சுத்தமான துணியால் வலது கையைத் தளர்வாகச் சுற்றிவிட்டாள். பிறகு என்ன தோன்றியதோ, இரண்டு தம்ளர்களை எடுத்தாள். ஒன்றில் குடிக்கிற பதத்துக்கு வெந்நீர். ஒன்றில் ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த தண்ணீர். இரண்டின் வெளிப்பக்கத்தையும் துண்டால் துடைத்து மேஜையில் வைத்தாள்.

"இடது கையைக் காட்டுங்க. கண்ணை மூடிக்கோங்க. அதுலயாவது எவ்வளவு தெரியுதுன்னு பார்ப்போம். டாக்டர்கிட்ட சொல்லணும்ல?"

கொப்புளம் படாமல் விரல்களுக்கு நடுவே ஒரு தம்ளரை வைத்தாள். எடுத்தாள். இன்னொன்றை வைத்தாள்.

அண்ணி கண்ணை மூடியபடி நெற்றியைச் சுருக்கினாள். "தம்ளர் இருக்கிறது தெரியுது. கனம் தெரியுது. ரெண்டும் ஒண்ணாத்தான் இருக்கு."

ஆக, இரண்டு கையும். பாத்திரக்காரி தம்ளரை வைத்துவிட்டு, மேஜையைப் பிடித்துக்கொண்டாள்.

அந்த நேரம் பார்த்துத்தான் கதவு திறந்தது. லிஃப்ட்காரன் விசிலடித்துக்கொண்டு உள்ளே வந்தான். "ஜோடி பத்திரமா வெளிய வந்தாச்சு! சண்டையும் ஆரம்பிச்சாச்சு!" என்றவன், அக்கா கண்ணை மூடி உட்கார்ந்திருப்பதையும் எதிரில் தம்ளர்களையும் பார்த்தான். அண்ணி சட்டென்று வலது கையை மேஜைக்கு அடியில் மறைத்துக்கொண்டாள்.

"என்ன விளையாட்டு இது? நான் இல்லாத நேரமா பார்த்து ரெண்டு பேரும் ஆடறீங்களா?"

"விளையாட்டு இல்லங்க. உக்காருங்க, உங்ககிட்ட ஒரு விஷயம் சொல்லணும்."

"முதல்ல ஆட்டம், அப்புறம்தான் விஷயம்." நாற்காலியை இழுத்துப் போட்டு அக்கா பக்கத்தில் உட்கார்ந்தான். கண்ணை இறுக்க மூடிக்கொண்டு இரண்டு கையையும் நீட்டினான். "ம், வை. எது சூடு, எது ஜில்லுன்னு சொல்லணும், அதானே?"

பாத்திரக்காரிக்கு விளையாடும் மனசே இல்லை. ஆனால் இந்த மனுஷனிடம் எப்படி ஆரம்பிப்பது என்றும் தெரியவில்லை. ஒரு நிமிஷம் கிடைக்கட்டுமே என்றுதான், வலது கையில் வெந்நீரையும் இடது கையில் ஃப்ரிட்ஜ் தண்ணீரையும் வைத்தாள்.

லிஃப்ட்காரன் இரண்டையும் தூக்கிப் பார்த்தான். விரலை மாற்றி மாற்றிப் பிடித்தான். பிறகு சிரித்தான்.

"யாரை ஏமாத்தற? ரெண்டுலயும் ஒரே தண்ணியைத்தானே ஊத்தியிருக்கே!"

பாத்திரக்காரி அண்ணியைத் திரும்பிப் பார்த்தாள்.

"சரியா சொல்லிட்டேன்ல? சொல்லு, சரிதானே?" கண்ணை மூடியபடியே கேட்டான். முகமெல்லாம் சிரிப்பு.

அண்ணி தம்பியின் கையைப் பார்த்தாள். வெந்நீர்த் தம்ளரிலிருந்து ஆவி அவன் விரல் மேல் ஏறிக்கொண்டிருந்தது. அவள் உதடு கோணியது. "இவனுக்குமா?" என்றாள், காற்று மாதிரி.

அக்காவுக்கு. தம்பிக்கு. அந்தத் தம்பியின் பிள்ளைக்கு?

பாத்திரக்காரி அவன் இடது கையிலிருந்த தம்ளரைப் பிடுங்கினாள். தண்ணீர் தளும்பித் தரையெல்லாம் சிந்தியது. தொட்டிலுக்கு ஓடினாள். அழுது அழுது தூங்கிப்போயிருந்தது குட்டி. ஒரு கால் தொட்டிலுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. பாத்திரக்காரி விரலைக் குளிர்ந்த தண்ணீரில் முக்கி எடுத்தாள். அந்தப் பிஞ்சு உள்ளங்காலில் வைக்கக் குனிந்தாள்.

"என்னாச்சு?" என்று பின்னாலிருந்து லிஃப்ட்காரன் கத்தினான். "ஏய், என்ன பண்றே? தூங்கற பிள்ளையை ஏன் எழுப்பறே?"

அவள் திரும்பவில்லை. ஈர விரல் பாதத்தைத் தொட்டது.

"காலை இழுத்துக்கோடி" என்றாள். "என் தங்கம்ல, காலை இழுத்துக்கோடி..."